சாங்கி முனையமும் முதற்பயணியும்

நுழையும்முன்

ஊர்விட்டு ஊர் செல்வோர் தங்கி இளைப்பாறச் சத்திரங்களையும் தாகம் தீரத் தண்ணீர்ப்பந்தல்களையும் அமைத்தது தமிழர் மரபு. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கிவைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கற்களை நட்டனர். கண்டம் கடந்து செல்வோருக்கு இன்று அத்தகைய ஏற்பாடுகளைச் செய்து தரும் இடம் பன்னாட்டு வானூர்தி நிலையம். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரின் சாங்கி நிலையம் பயணியரை எவ்வாறு வரவேற்று வழியனுப்புகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூருக்கு வானூர்தியில் செல்ல ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அவ்வூர்தியில் கட்டுமானப் பணிக்குச் செல்லும் இளைஞர் இருப்பார். மகளின் பேறுகாலத்திற்குத் துணையாகச் செல்லும் தாய் இருப்பார். வணிகரும் மாணவரும் இருப்பர். வணிகருக்கு அது ஐம்பதாவது பயணமாக இருக்கலாம். அந்தத் தாய்க்கோ அதுவே முதற்பயணம். ஊர்தியின் கதவு திறந்ததும் இருவரும் ஒரே முனையத்திற்குள் நுழைகின்றனர். வணிகரின் கால்கள் பழகிய வழியே செல்கின்றன. தாயோ முன்னே செல்வோரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்.

முனையத்தின் வசதிகளை எண்ணிச் சொல்வது எளிது. அவற்றுள் எவை அந்தத் தாய்க்கும் எட்டுகின்றன என்று பார்க்கும்போதுதான் அம்முனையத்தின் தரம் விளங்கும்.

கடலோரத்தில் எழுந்த நிலையம்

சிங்கப்பூரில் 1937இல் காலாங் நிலையமும் 1955இல் பாய லேபார் நிலையமும் திறக்கப்பட்டன. பாய லேபாரைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. ஓடுபாதையை விரிவாக்க அங்கு இடமில்லை. ஊர்திகளின் இரைச்சலும் மக்களை வருத்தியது. எனவே 1975இல் தீவின் கிழக்கு முனையான சாங்கிக்கு நிலையத்தை மாற்ற முடிவு செய்யப்பட்டது. கடலின் ஒரு பகுதி மணலால் நிரப்பப்பட்டு நிலமாக்கப்பட்டது. ஊர்திகள் கடலின் மேலாகவே ஏறி இறங்குவதால் இரைச்சல் குடியிருப்புகளைப் பெரிதும் தாக்குவதில்லை. 1981ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் இந்நிலையம் பயன்பாட்டிற்கு வந்தது. இரண்டாம் முனையம் 1990இலும், மூன்றாம் முனையம் 2008இலும், நான்காம் முனையம் 2017இலும் இயங்கத் தொடங்கின.

2019இல் இந்நிலையத்தைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 6 கோடியே 83 இலட்சம் பேர். அப்போது சிங்கப்பூரின் மக்கள்தொகை 60 இலட்சத்திற்கும் குறைவு. நாட்டின் மக்கள்தொகையைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்டோர் ஓராண்டில் அந்த வாயிலைக் கடந்து சென்றனர். பெருந்தொற்று பரவிய 2020இல் அவ்வெண்ணிக்கை ஒரு கோடியே 18 இலட்சமாகச் சுருங்கியது. இரண்டு முனையங்கள் மூடப்பட்டன. பின்னர் அவை மீண்டும் திறக்கப்பட, 2024இல் பயணியர் எண்ணிக்கை 6 கோடியே 77 இலட்சத்தை எட்டியது.

வழி சொல்லும் எழுத்துகள்

பெரிய முனையத்தில் முதற்பயணி அஞ்சுவது வழி தவறுவதற்கே. அவருக்கு வேண்டிய முதல் வசதி தெளிவான குறியீடு. சாங்கியில் ஒவ்வொரு புறப்பாட்டு வாயிலுக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. சி, டி ஆகிய எழுத்துகள் முதல் முனையத்தைக் குறிக்கும். இ, எஃப் ஆகியவை இரண்டாம் முனையத்திற்கு உரியவை. ஏ, பி ஆகியவை மூன்றாம் முனையத்திற்கு உரியவை. இதனை அறிந்தவர் தம் சீட்டில் ‘சி’ என்னும் எழுத்தைக் கண்டவுடன் எந்த முனையத்திற்குச் செல்ல வேண்டும் என்பதைப் புரிந்துகொள்வார். முதல் மூன்று முனையங்களையும் ஓட்டுநர் இல்லாத் தொடர்வண்டி ஒன்று கட்டணமின்றி இணைக்கிறது. நான்காம் முனையம் சற்றுத் தள்ளி இருப்பதால் அதற்குப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் தொடர்வண்டியைத் தேடுவோர் நேரத்தை இழப்பர்.

இரண்டாம் முனையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் சிறு தகடுகள் புரண்டு ஊர்களின் பெயர்களைக் காட்டும் அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. அது 2020இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தை மின்திரைகள் பிடித்துள்ளன. பழையது மறைவதற்கு வருந்துவது மனித இயல்பு என்று இதனை விட்டுவிடலாம். ஆயினும் அப்பலகைக்கு ஒரு பயன் இருந்தது. தகடுகள் படபடவென ஒலிக்கும்போது, வேறெங்கோ பார்த்திருந்தவரும் ஏதோ மாறியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பார். மின்திரையில் வாயில் எண் ஓசையின்றி மாறிவிடுகிறது. ஆகவே அமர்ந்த இடத்திலிருந்து அவ்வப்போது எழுந்து திரையைப் பார்த்துவருதல் நன்று.

நேரக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. அறிவிப்புத் திரையிலும் பயணச்சீட்டிலும் அந்தந்த ஊரின் நேரமே குறிக்கப்படும். இந்திய நேரம் காட்டும் கைக்கடிகாரத்தை நம்பி இருக்கையில் சாய்ந்திருப்பவர் விழித்தெழும்போது அவருடைய ஊர்தி வானில் இருக்கும்.

பெட்டி செல்லும் வழி

பயணி முகப்பில் ஒப்படைக்கும் பெட்டி, அவர் செல்லாத வழியில் செல்கிறது. அதன் கைப்பிடியில் ஒட்டப்படும் தாளில் பட்டைக்குறியீடும் பத்து இலக்க எண்ணும் இருக்கும். நகரும் பட்டைகளின் மேல் செல்லும் பெட்டியின் குறியீட்டை ஒளிப்படிப்பான்கள் படிக்கின்றன. ஊடுகதிர்க் கருவி உள்ளிருக்கும் பொருள்களை ஆராய்கிறது. பின்னர் கணினி அதனை உரிய ஊர்திக்குரிய பட்டைக்குத் திருப்பிவிடுகிறது. அந்த எண்ணின் மறுபடி பயணியிடம் தரப்படுகிறது. பலர் அத்தாளைக் கசக்கி எறிந்துவிடுகின்றனர். பெட்டி காணாமற்போனால் அதனைத் தேடுவதற்கு உள்ள உறுதியான சான்று அதுவே. பழைய பயணத்தின் தாள்களைப் பெட்டியிலிருந்து கிழித்துவிடுவதும் தேவையானது. இரண்டு குறியீடுகளைக் காணும் படிப்பான் குழம்பினால் பெட்டி வேறு பட்டைக்குச் செல்லக்கூடும்.

எப்பொருளை எங்கே வைப்பது என்பதில்தான் முதற்பயணியர் மிகுதியும் இடர்ப்படுகின்றனர். கைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் வைத்தல் கூடாது. அதிலுள்ள இலித்தியம் மின்கலம் தீப்பற்றினால் சரக்கறையில் அதனை அணைப்பார் இலர். பயணியரின் அருகே இருந்தால் பணியாளர் உடனே அணைக்க இயலும். எனவே அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். நீர்மங்களுக்கோ இதற்கு மாறான விதி. 2006இல் இங்கிலாந்தில் நீர்ம வெடிபொருள் சதி ஒன்று முறியடிக்கப்பட்டபின், ஒரு கலத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்மத்தைக் கைப்பையில் கொண்டுசெல்ல உலகின் பல நாடுகள் தடை விதித்தன. எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் நெய்யும் இவ்விதிக்குள் அடங்கும். மகளுக்காக ஆக்கிய பேறுகால இலேகியத்தைத் தாய் சோதனை மேசையில் இழக்க நேர்வது இவ்விதியை எவரும் முன்னரே அவருக்குச் சொல்லாததால்தான். அதனைப் பெட்டியில் வைத்திருந்தால் இவ்விதி தடுத்திராது. நாள்தோறும் உண்ணும் மருந்தை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளல் வேண்டும்; பெட்டி தாமதமானாலும் மருந்து தவறாது.

தெரிந்து தெளிவோம்

சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை புறப்பாட்டு வாயிலருகே நடைபெறுகிறது. நான்காம் முனையத்தில் அனைவருக்கும் ஒரே இடத்தில் அச்சோதனை முடிந்துவிடும். ஆகவே முதல் மூன்று முனையங்களில் நீர்க்குப்பியை வாயில்வரை கொண்டுசெல்லலாம். ஊர்தி ஏறும் அழைப்பு வந்தபின் அங்கே ஒரு வரிசை காத்திருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

முகமே கடவுச்சீட்டு

முன்பு குடிநுழைவு முகப்பில் அலுவலர் ஒருவர் கடவுச்சீட்டைப் புரட்டி, பயணியின் முகத்தைப் பார்த்து, முத்திரை இடுவார். இன்று சாங்கியில் தானியங்கி வழிகள் அப்பணியைச் செய்கின்றன. 2020 முதல் சிங்கப்பூரின் எல்லைச் சோதனையில் கைரேகையைவிடக் கருவிழியும் முகமும் முதன்மை அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. இம்மாற்றத்தின் பயன் உழைப்பாளருக்கு உரியது. சிமெண்டிலும் கம்பியிலும் ஆண்டுக்கணக்கில் உழன்ற விரல்களின் ரேகை தேய்ந்துவிடும்; முதியோரின் விரல்களிலும் அவ்வாறே. கருவி அவ்விரலை ஏற்க மறுக்கும்போது வரிசையில் நிற்போர் அனைவரின் பார்வையும் அவர்மேல் படியும். கருவிழி அவ்வாறு தேய்வதில்லை. 2024இல் மேலும் ஒரு படியாக, சிங்கப்பூரில் வாழ்வோர் வரும்போதும் போகும்போதும், வெளிநாட்டவர் புறப்படும்போதும், கடவுச்சீட்டைக் காட்டாமலே கடக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

சிங்கப்பூருக்குள் நுழையும் வெளிநாட்டவர் வருகை அட்டையை இணையவழி நிரப்புதல் வேண்டும். வந்திறங்கும் நாள் உட்பட மூன்று நாள்களுக்குள் அதனைச் செய்யலாம். அரசின் தளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. அரசுத்தளம் போன்ற தோற்றத்துடன் பணம் பறிக்கும் தளங்களும் உள்ளன என்று அந்நாட்டுக் குடிநுழைவுத் துறை எச்சரித்துள்ளது. கைபேசியில் படிவம் நிரப்பப் பழகாத தாய்க்கு இதுவே முதற்றடை. அதனை ஊரிலேயே பிள்ளைகளோ அண்டை வீட்டு மாணவரோ நிரப்பிக் கொடுத்துவிடுவது வழக்கமாகி வருகிறது.

கருவிகள் பெருகியபின் பலர் விரைந்து செல்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவியின் முன் திகைத்து நிற்பவருக்கு அருகே ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கிறது. எங்கே கால் வைப்பது, கண்ணாடியைக் கழற்றுவதா, எப்போது நகர்வது என்பனவற்றை அவருக்குச் சொல்ல ஒரு குரல் வேண்டும். தானியங்கி வழிகளின் அருகே நின்று கைகாட்டும் அப்பணியாளரை முனைய வசதிகளின் வரிசையில் எவரும் சேர்ப்பதில்லை. முதற்பயணியைக் கேட்டால் அவரையே முதலில் சேர்ப்பார்.

காத்திருப்போருக்காக

ஓர் ஊர்தியிலிருந்து இறங்கி மற்றொன்றுக்கு மாறுவோர் சாங்கியில் மிகுதி. ஆசுத்திரேலியாவுக்கோ சப்பானுக்கோ செல்லும் தமிழகப் பயணியருள் பலர் இங்கு சில மணி நேரம் காத்திருப்பர். அவர்களுக்காக முதல் முனையத்தின் மேற்றளத்தில் கள்ளித் தோட்டமும், இரண்டாம் முனையத்தில் சூரியகாந்தித் தோட்டமும், மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் அமைத்துள்ளனர். திரைப்படம் காண அரங்கும், கால் நீட்டிப் படுக்கச் சாய்விருக்கைகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பன்னாட்டுச் சமயத்தவரும் வழிபடத் தனி அறைகள் உண்டு. பச்சிளங்குழந்தைக்குப் பாலூட்டவும் தனி அறைகள் உண்டு. குறைந்தது ஐந்தரை மணி நேரம் இடைவெளி உடையவர்களும், சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி உடையவர்களும் ஆகிய பயணியரை நகரைச் சுற்றிக் காட்ட இலவசமாக அழைத்துச் செல்கின்றனர்.

2019இல் திறக்கப்பட்ட ‘சூவல்’ என்னும் கண்ணாடிக் குவிமாடம் இந்நிலையத்தின் பெயரை உலகெங்கும் பரப்பியது. கட்டடக் கலைஞர் மோசே சாப்டி வடிவமைத்தது அது. முதல் முனையத்தின் ஊர்தி நிறுத்துமிடம் இருந்த இடத்தில், பத்துத் தளங்களுடன் எழுந்துள்ளது. அதன் நடுவே 40 மீட்டர் உயரத்திலிருந்து நீர் வீழ்கிறது. மழைநீரைச் சேமித்து அவ்வருவிக்குப் பயன்படுத்துகின்றனர். காண்போரை வியக்கவைக்கும் இடம்தான். எனினும் அது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே அமைந்துள்ளது. ஊர்தி மாறும் பயணி அதனைக் காண வேண்டுமெனில் சிங்கப்பூருக்குள் நுழையும் இசைவு பெற்றிருத்தல் வேண்டும். படத்தில் கண்ட அருவியைத் தேடி முனையத்திற்குள்ளேயே அலைந்து ஏமாறுவோர் இதனை அறியாதவர்கள்.

அருவியைவிடக் கழிப்பறையே முனையத்தின் தன்மையைத் தெளிவாகக் காட்டும் என்று தோன்றுகிறது. சாங்கியின் கழிப்பறை வாயிலில் ஒரு தொடுதிரை இருக்கும். சிரித்த முகம் முதல் வாடிய முகம் வரையிலான படங்களுள் ஒன்றைத் தொட்டு, அவ்விடத்தின் தூய்மையைப் பற்றிய கருத்தைப் பதியலாம். தரை ஈரமாக உள்ளது, தாள் தீர்ந்துவிட்டது என்று குறையையும் படத்தாலேயே சுட்டலாம். செய்தி உடனே மேற்பார்வையாளரைச் சென்றடையும். எழுத்தறியாதவரும் வேற்றுமொழியாளரும் கூட முறையிடக்கூடிய ஏற்பாடு இது. பணியில் உள்ள துப்புரவாளரின் பெயரும் படமும் அத்திரையில் காட்டப்பட்டதுண்டு. ஆயிரக்கணக்கானோர் கடந்துசெல்லும் இடத்தில் அதனைத் தூய்மை செய்பவருக்கு ஒரு முகம் உண்டு என்று காட்டியது பாராட்டுக்குரியது. ஒவ்வொரு வழிப்போக்கரும் அவருக்கு மதிப்பெண் இடுவது அவர் தோளில் எத்தகைய சுமையாகும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கேட்டால் கிடைப்பன

நெடுந்தூரம் நடக்க இயலாதோருக்குச் சக்கர நாற்காலியும் அதனைத் தள்ளிச் செல்லப் பணியாளரும் உண்டு. இதனை ஏற்பாடு செய்வது பயணி செல்லும் வானூர்தி நிறுவனம். சீட்டுப் பதிவு செய்யும்போதோ, புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்னதாகவோ தெரிவித்துவிட்டால் இறங்கும் ஊரிலும் நாற்காலி கதவருகே காத்திருக்கும். கேட்பதற்கு நாணி, முழங்கால் வலியுடன் நடந்து, வாயில் அடைபட்டபின் சென்று சேரும் முதியோர் உளர். இதில் நாண ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளும் உள்ளன. மறதிநோய் உடையவர், மதியிறுக்கம் உடைய சிறுவர், செவித்திறன் குறைந்தவர் ஆகியோரைப் பார்த்தவுடன் அறிய இயலாது. இவர்களுக்காக 2016இல் இலண்டனின் கேட்விக் நிலையத்தில் ஒரு முறை தொடங்கப்பட்டது. சூரியகாந்திப் பூ வரைந்த பச்சைநிறக் கழுத்துப்பட்டையை அணிந்தவரிடம் பணியாளர்கள் பொறுமையுடன் பேசுவர். கூடுதல் நேரம் தருவர். அம்முறை இன்று பல நாட்டு நிலையங்களுக்குப் பரவியுள்ளது. பயணி தம் நோயை ஒவ்வொரு முகப்பிலும் விளக்க வேண்டியதில்லை.

பெட்டி வந்து சேரவில்லையெனில் என்ன செய்வது? பெட்டி வரும் கூடத்தைவிட்டு வெளியேறுவதற்கு முன்னரே அங்குள்ள முகப்பில் முறையீட்டைப் பதிந்து அதன் எண்ணைப் பெறுதல் வேண்டும். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியாவும் சிங்கப்பூரும் இணைந்துள்ளன. அதன்படி, பெட்டி சேதமுற்றால் பெற்ற நாளிலிருந்து 7 நாள்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள்ளும் வானூர்தி நிறுவனத்திற்கு எழுத்துவழி முறையிடல் வேண்டும். 21 நாள்கள் கடந்தும் பெட்டி வராவிடில் அது தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கோரலாம். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வீடு திரும்பியவரின் உரிமை, நாள் கடந்ததும் வலுவிழக்கிறது. முதன்முறை பணிக்குச் செல்லும் இளைஞரின் பெட்டியில் அவருடைய ஓராண்டுத் துணிமணிகளும் சான்றிதழ்களும் இருக்கக்கூடும். சான்றிதழ்களைக் கைப்பையில் வைக்கவும், பெட்டிக்குள்ளும் ஒரு தாளில் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதி வைக்கவும் அவருக்குச் சொல்ல வேண்டும்.

வெளியேறும் வாயில்

பெட்டியைப் பெற்றபின் சுங்க வழி இரண்டாகப் பிரிகிறது. தீர்வை செலுத்தவோ அறிவிக்கவோ பொருள் எதுவும் இல்லாதோர் பச்சை வழியிலும், இருப்போர் சிவப்பு வழியிலும் செல்ல வேண்டும். சிங்கப்பூரில் சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு இல்லை. மெல்லும் பசைமிட்டாய் 1992 முதல் இறக்குமதி செய்யத் தடை செய்யப்பட்டுள்ளது. ஊரில் கடையில் எளிதாகக் கிடைப்பது இங்கே குற்றமாகலாம். ஐயமிருப்பின் சிவப்பு வழியில் சென்று கேட்பதே தக்கது.

அதனைக் கடந்தால் வருகைக் கூடம். தடுப்புக்கு அப்பால் உறவினர் நிற்பர். சிலர் பெயரெழுதிய அட்டையை ஏந்தியிருப்பர். 2002 முதல் நிலையத்தின் அடித்தளத்திலிருந்தே நகரத் தொடர்வண்டி செல்கிறது. தானா மேராவில் மாறினால் நகரின் எப்பகுதிக்கும் போகலாம். நள்ளிரவுக்குப்பின் அவ்வண்டி ஓடாது. பின்னிரவில் இறங்கி, வாடகை ஊர்திக்குச் செலவிட விரும்பாதோர் முதல் வண்டிக்காகக் கூடத்தின் இருக்கைகளிலேயே அமர்ந்திருப்பர். குடிநீர்க் குழாயும், கைபேசிக்கு மின்னேற்றும் இடமும், கட்டணமில்லா இணையமும் அங்கே உண்டு. முதற்பயணி செய்யும் முதல் வேலை, வந்து சேர்ந்துவிட்டேன் என்று வீட்டுக்குச் சொல்வதுதான். அப்போது ஊரில் மணி இரண்டரை குறைவு. வீட்டில் எவரும் உறங்கியிருக்க மாட்டார்கள்.